மே மாதத்து ஏரி

எங்கள் இடத்தைத் தேடி வருகிறவர்களுக்குப் போனில் வழி சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் இங்கிலீஷ் பக்கம் சாய்ந்துவிடும். "மரக்காணம் வந்ததும் ஈசிஆர்லேர்ந்து ரைட்ல கட் பண்ணீங்கன்னா புளூ கலர் போர்டு தெரியும் சார். பக்தவச்சலம் லேக் வியூ, குரூப் ஸ்டே." போர்டு நீலமாக இருப்பது நிஜம். பக்தவச்சலம் நான்தான், அதுவும் நிஜம். இருபது பேர் கூட்டமாக வந்து தங்கலாம். கட்டில், பாய், தலையணை, நாலு பாத்ரூம் எல்லாம் இருக்கிறது. லேக் விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல். இப்போதெல்லாம் அதைப் போனிலேயே சொல்லிவிடுகிறேன்.

கழுவெளி ஏரி வருஷத்தில் பாதி நாள் ஏரி, மீதி நாள் மாடு மேய்கிற மைதானம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் மாதிரி பரந்து கிடக்கும். பூநாரை வரும், கூழைக்கடா வரும், அவற்றைப் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து குழாய் மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சித்திரை பிறந்தால் பறவையும் இருக்காது, கேமராவும் இருக்காது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, ஊர் மாடெல்லாம் அதன் மேல் நடந்து போகும்.

நான் விளம்பரத்துக்குப் போட்ட படம் கார்த்திகையில் எடுத்தது. அந்த வருஷம் பேய் மழை. தண்ணீர் வாசப்படி ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் மனைவி சாமுண்டீஸ்வரி சமையல்கட்டில் நின்று குடத்தால் மொண்டு மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் என் போனைக் கன்னியப்பனிடம் கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் அவனை நிற்க வைத்து, "வீடும் தண்ணியும் ஒண்ணா வர்ற மாதிரி எடுடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் எங்களிடம் ரொம்பக் காலமாக வேலை பார்க்கிறவன், நான் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்வான். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையும் இப்படி ஆனதற்கு அதுதான் காரணம். படம் பிரமாதமாக வந்தது. உற்றுப் பார்த்தால் ஜன்னலில் ஒரு குடமும் வளையல் போட்ட கையும் தெரியும். "வாசலிலேயே ஏரி" என்று எழுதி நெட்டில் போட்டேன்.

என் உண்மையான தொழில் உப்பு. வீட்டுக்கு எதிரிலேயே எங்கள் உப்பளம். அப்பா எடுத்தார், நான் எடுக்கிறேன். சாமுண்டீஸ்வரி என்னைவிட நன்றாக எடுக்கிறாள். அதில் குறை ஒன்றும் இல்லை. குறை எனக்கு ஏற்பட்டது ஒரு பள்ளிக்கூடத்தில்.

எங்களுக்கு ஒரே பெண், இலக்கியா. ஆறாவதுக்கு அவளைக் கோட்டக்குப்பத்தில் சேர்த்தோம். பக்கத்திலேயே பெரிய முதலியார்சாவடியில் சாமுண்டீஸ்வரியின் அக்கா ஞானாம்பாள் வீடு. அங்கே தங்கிப் படித்தாள். கோட்டக்குப்பத்தில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வளைகுடாவில் இருப்பார்கள். இவளும் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அப்பா கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. பெற்றோரை வரச் சொன்னார்கள் என்று இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

"வாங்க சார், உக்காருங்க. துபாய்லேர்ந்து எப்ப வந்தீங்க?" என்றார் வாத்தியார்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இலக்கியா சுவரோரமாக நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் பெல்ட்டைத் திருகுகிற திருகில் அது அறுந்துவிடும் போலிருந்தது.

"போன வாரம்தான் சார்" என்றேன்.

"அங்க வெயில்லாம் எப்படி?"

"நம்ம ஊரு மாதிரியேதான் சார் இருக்குது."

"இன்னா வேலை?"

"வெயில்ல நிக்கற வேலைதான் சார்."

அதுவரை நான் சொன்னதில் ஊரும் வந்த நாளும் மட்டும்தான் பொய். வெளியே வந்து கடைத்தெருவில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையைத் தேடிப் பிடித்து, ஒரு பெட்டி சாக்லேட்டும் ஒரு டின் பவுடரும் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். "பிரெண்ட்ஸுக்குக் குடும்மா" என்றேன். வாங்கிக்கொண்டாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதுவும் என்னை நினைத்து. பஸ்ஸில் திரும்பும்போது முடிவு பண்ணினேன்: என் பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு தொழிலை நான் செய்துகாட்ட வேண்டும்.

செய்து காட்டினேன், ஒன்றுக்கு மூன்றாக. முதலில் மரக்காணத்தில் செல்போன் கடை. நான் பிடித்த கடைக்குள் மட்டும் சிக்னல் வராது. எனக்கே போன் வந்தால் ரோட்டில் போய் நின்றுதான் பேசுவேன். அதைப் பார்த்தவன் எவன் என்னிடம் போன் வாங்குவான்? அடுத்து மினரல் வாட்டர். எங்கள் ஊரில் எங்கே துளை போட்டாலும் உப்புத் தண்ணீர். அதைக் குடிதண்ணீராக்கப் புறப்பட்ட ஒரே அறிவாளி நான். மூன்றாவது இறால் பண்ணை. இறால் வளர்ந்தது, நோய் வந்தது, செத்தது. ஆட்கள் தங்குவதற்காக வீட்டை ஒட்டிக் கட்டிய நீளக் கட்டிடம் மட்டும் சாகாமல் நின்றது. அதற்குச் சுண்ணாம்பு அடித்துக் கட்டில் போட்டதுதான் லேக் வியூ. மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். நான் மாவு மட்டும்தான் விற்கவில்லை, அதனால் காற்று என்னை விட்டுவைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை தொழிலுக்கும் சாமுண்டீஸ்வரி குறுக்கே நின்றதில்லை. "செய்யுங்க" என்பாள். சொல்லிவிட்டு உப்பளத்தில் இறங்கிவிடுவாள். வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் எடுத்த உப்பில்.

இலக்கியா படித்து முடித்து சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். இந்த வருஷம் அவளை ஒரு டீமுக்குத் தலைவியாகப் போட்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் போன் பண்ணினாள்.

"அப்பா, எங்க டீம் மொத்தமும் அடுத்த மாசம் நம்ம எடத்துக்கு வர்றோம்ப்பா. ரெண்டு நாள் தங்கறோம்."

"மே மாசமாம்மா?"

"ஆமாப்பா. அப்பதான் லீவு சேந்தாப்ல வருது. அதுவும் இல்லாம மே மாசத்துலதான..."

நான் அவளை முடிக்க விடவில்லை. "நீ ஒண்ணும் கவலப்படாத. ஏரி ரெடியா இருக்கும்."

"ஏரியா?"

"ஆமா, வாசல்லயே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஜன்னல் வழியாகக் கழுவெளியைப் பார்த்தேன். இரண்டு எருமை நின்று என்னைப் பார்த்தன.

எனக்குத் தூக்கம் போனது. என் பெண் முதல் தடவையாக என்னைத் தன் ஆட்களுக்குக் காட்டப் போகிறாள். அந்த இருபது பேர் முன்னால் அவள் மறுபடியும் தலையைக் குனிந்து செருப்பைப் பார்க்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதற்கு ஒரு ஏரி தேவை, அவ்வளவுதானே?

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்னால் ஞானாம்பாள் வீட்டில் வளைகாப்பு என்று சாமுண்டீஸ்வரி கிளம்பிப் போனாள். அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்தது. உப்பளம் வீட்டுக்கு எதிரில் இருக்கிறது. வாசலில் நின்றால் நேரே பாத்திகள்தான். சின்னப் பாத்திகளுக்கு நடுவில் இருக்கிற வரப்பை வெட்டி எல்லாவற்றையும் ஒன்றாக்கினால், ஓரத்து வரப்பை உயர்த்திக் கட்டினால், அதில் தண்ணீரை நிரப்பினால், அதற்குப் பேர் என்ன?

"ஏரிண்ணா!" என்றான் கன்னியப்பன். கண்ணெல்லாம் மின்னியது அவனுக்கு. "ஒரு போட்டு உட்டா சூப்பரா இருக்கும்ணா."

தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றிலிருந்து இறைத்து நிரப்ப நாளாகும். ஆனால் பின்னால் பெரிய பாத்திகளில் தண்ணீர் ததும்பி நிற்கிறதே. கிணற்று உப்புத் தண்ணீரை அங்கே வாரக்கணக்கில் வெயிலில் விட்டுக் கெட்டியாக்கி வைத்திருந்தோம். அது நன்றாக முற்றியதும் சின்னப் பாத்திக்குத் திறந்துவிடுவோம். அங்கே அது உப்பாக விளையும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆயுசெல்லாம் உப்பில் நின்ற நானும் கன்னியப்பனும் அந்த இரண்டு நாளும் அதைச் சுத்தமாக மறந்துபோனோம். எங்கள் கண்ணுக்கு அது தண்ணீர், நீலமாக இருந்தது, போதும் என்றிருந்தது.

வரப்பை வெட்டும்போது கை கொஞ்சம் கூசியது. தை மாதத்தில் சாமுண்டீஸ்வரி நாள் கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய மண் அது. பரவாயில்லை, பெண்ணுக்காகத்தானே என்று மண்வெட்டியைப் போட்டேன். மடையைத் திறந்ததும் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி, வானமே இறங்கி வாசலில் படுத்த மாதிரி இருந்தது. மீன் பிடிக்கிற அந்தோணிசாமியிடம் ஒரு சின்ன ஃபைபர் படகை இரவல் வாங்கி மிதக்கவிட்டோம். டீக்கடைக் குடை இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலி நாலு, கால் நனைகிற மாதிரி தண்ணீருக்குள்ளேயே போட்டோம். கரையில் மலை மாதிரி குவித்து வைத்திருந்த உப்பை நீலத் தார்ப்பாயால் மூடி, அதற்கு முன்னால் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்கினேன். அளத்து ஆட்களுக்கு லீவு கொடுத்தேன். கடைசியாக எனக்கு ஒரு ஷூ வாங்கினேன். உப்பளத்துக்காரன் காலைப் பார்த்தால் யாருக்கும் ஜாதகம் தெரிந்துவிடும். தோல் வெளுத்து, குதிகால் வெடித்து, ஒரு தினுசாக இருக்கும். மே மாத வெயிலில் சாக்ஸோடு நின்று ஒத்திகை பார்த்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் சாமுண்டீஸ்வரி வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்காமலேயே பார்த்தாள்.

"ஏங்க, கழுவெளிக்குக் காலு மொளச்சி நடந்து வந்துச்சா?"

"நம்ம பொண்ணுக்காக..." என்று இழுத்தேன்.

குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். தலையைத் தூக்கிப் பனைமரத்து ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள்.

"மேக்காத்து நல்லா அடிக்குது. நாளைக்குக் காத்தால இருக்குது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

சண்டையை நாளைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறாள் என்று நான் நிம்மதியானேன். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் மனைவி பேசுவது புரியாதவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மதியம் வேன் வந்தது. முதலில் இலக்கியா இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், என் ஷூவைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது?"

"ஏரிம்மா" என்றேன் பெருமையாக.

அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் பின்னாலேயே அவள் டீம் ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அதில் மேரிசெல்வி என்று ஒரு பெண், வாய் ஓயாது. இறங்கிய உடனே என்னிடம்தான் வந்தாள்.

"அங்கிள், உப்பு எங்க அங்கிள் எடுக்கறாங்க?"

"உப்பா? அதெல்லாம் அந்தாண்ட போவணும்மா. நம்ம சைடு ஃபுல்லா டூரிசம்."

"அப்ப அங்க நீல தார்ப்பாய்ல மூடியிருக்குதே, அது?"

"அது கட்டட மணல்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு உப்பு மலையையே பூந்தொட்டிக்குப் பின்னால் மறைத்தேன். மேரிசெல்வி விடவில்லை. "நீங்க உப்பு எடுத்திருக்கீங்களா அங்கிள்?"

"சின்ன வயசுல பாத்திருக்கேன்மா" என்றேன்.

இலக்கியாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே அம்மாவிடம் போய்விட்டாள். பாவம், வேன் பயணம், வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏரித் திருவிழா. பரத் என்று ஒரு பையன் படகில் ஏறித் துடுப்பு போட்டான். அவன் ஏறுகிற வரைக்கும் மிதந்த படகு, ஏறியதும் தரையில் உட்கார்ந்துகொண்டது. துடுப்பை அவன் என்ன ஆட்டினாலும் படகு அந்தோணிசாமி வந்தால்தான் நகருவேன் என்று இருந்தது. மற்றவர்கள் தண்ணீரில் விழுந்து ஒருவர் மேல் ஒருவர் வாரி இறைத்தார்கள். பரத்தும் இறங்கி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். அன்று காலையில்தான் ஷேவ் பண்ணியிருப்பான் போல. அவன் போட்ட சத்தத்தில் கழுவெளி மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"அங்கிள், எரியுது!"

"மினரல்ஸ்ப்பா. தோலுக்கு நல்லது" என்றேன்.

கரையேறிக் காய்ந்ததும் எல்லோரும் சொறிய ஆரம்பித்தார்கள். கையில், கழுத்தில், காது மடலில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. இருபது பேரும் ஒரே நேரத்தில் பாத்ரூமில் புகுந்ததில் நல்ல தண்ணீர் தொட்டி காலி. டிராக்டரில் தண்ணீர் வரவழைத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சாமுண்டீஸ்வரியின் மீன் குழம்பும் இறால் தொக்கும்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றின. சாப்பிடும்போது நான் பூநாரையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லோரும் கேட்டார்கள். இலக்கியா மட்டும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

ஏரி பிடிக்கவில்லையோ, இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருக்கலாமோ என்று யோசித்தபடி படுத்தேன்.

விடிந்ததும் கன்னியப்பனின் குரலில்தான் எழுந்தேன். "அண்ணா, ஓடியா! வெளஞ்சிடுச்சிண்ணா!"

மற்ற நாளில் அந்தச் சத்தம் காதுக்குத் தேன். அன்றைக்கு அப்படி இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஏரியைக் காணவில்லை. வாசலில் கரைக்குக் கரை ஒரே வெள்ளை. தண்ணீர் மேல் ஆடை மாதிரி உப்பு பூத்து, அடியில் மணி மணியாக உட்கார்ந்திருந்தது. நாற்காலிக் கால்கள் எல்லாம் வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தன. படகு உப்புப் பட்டை கட்டிக்கொண்டு தரையோடு ஒட்டி நின்றது. கொடியில் காய்ந்த பரத்தின் ஜீன்ஸை யாரோ எடுத்துச் சுவரோரம் வைத்திருந்தார்கள். அது ஆள் இல்லாமலேயே நின்றது. காய்ந்த மேல்காற்று அடித்தால் உப்பு சீக்கிரம் விளையும்; காற்றுக்கு நான் பாக்கி வைத்திருந்ததை அது ஒரே இரவில் வசூல் பண்ணிவிட்டது.

டீம் முழுக்கக் கரையில் நின்றது. ஆளாளுக்குப் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். மாட்டிக்கொண்டது தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஏரியில சில சமயம் கிளைமேட்டுக்கு இந்த மாதிரி ஒரு நுரை..."

"அப்பா, போதும்ப்பா."

இலக்கியாதான். கூட்டத்தை விட்டு வந்து என் முன்னால் நின்றாள். முகம் கடுகடுவென்றிருந்தது, கண் கலங்கியிருந்தது.

"மே மாசத்துல கழுவெளியில மாடு மேயும்னு எனக்குத் தெரியாதா? நான் எந்த ஊருப் பொண்ணுன்னு நெனச்ச நீ?"

என் பெண் இந்த ஊரில் பிறந்தவள் என்பதையும் நான் அந்த அவசரத்தில் மறந்திருந்தேன்.

"யாரும் ஏரி பாக்க வர்லப்பா. எங்கப்பா உப்பு எடுக்கறாரு, மே மாசத்துலதான் நல்லா வெளையும், வாங்க காட்டறேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். நீ போன்ல என்ன முடிக்கவே வுடல. நேத்து மேரி கேட்டப்ப, சின்ன வயசுல பாத்திருக்கேன்னு சொல்ற. நான் பக்கத்துல நிக்கறேன். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்திருக்கும். இருபது பேருக்கும் நான் யாரென்று ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் டூரிசத்தையும் கட்டட மணலையும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. எங்கள் ஊரில் அது பிளந்தாலும் உள்ளே உப்புத் தண்ணீர்தான்.

என் தோளில் ஏதோ இடித்தது. சாமுண்டீஸ்வரி உப்பு வாருகிற நீளக் கம்புப் பலகையை நீட்டிக்கொண்டு நின்றாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள்.

"பேசினது போதும். பேண்ட்ட மடிச்சி வுட்டு எறங்குங்க. தரையில புடிச்சிக்கினா அப்பறம் கடப்பாரைதான். வெட்டின வரப்பையும் நீங்கதான் கட்டணும்."

நான் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். வெளுத்து வெடித்த இரண்டு காலும் இருபது பேர் முன்னால் வெயிலுக்கு வந்தன. மேரிசெல்வி குனிந்து காலைப் பார்த்தாள், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், சின்ன வயசுல பாத்திருக்கேன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா" என்றேன். "சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இறங்கினேன். பலகையைத் தரையில் படிய வைத்துப் பின்னால் இழுத்தேன். உப்பு கரகரவென்று மடிந்து ஓரத்துக்கு வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பரத் மட்டும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். பலகையை எப்படிப் பிடிப்பது, உப்பு கலங்காமல் எப்படி இழுப்பது, எதை விட்டுவிடுவது என்று கேட்டார்கள். சொன்னேன். பூநாரையைப் பற்றிச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது, யாரும் சொறியக்கூட இல்லை. கன்னியப்பன் ஓடிப்போய்க் குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தள்ளி வைத்துத் தார்ப்பாயை உருவினான். வெயில் பட்டு உப்பு மலை கண்ணைக் கூச வைத்தது. "கட்டட மணல்!" என்று கூட்டமாகக் கத்தினார்கள். கத்தட்டும், எனக்கு அது வேண்டும்தான்.

இலக்கியா ஜீன்ஸை மடித்துவிட்டு இன்னொரு பலகையோடு என் பக்கத்தில் இறங்கினாள். சென்னைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. அவள் அம்மா மாதிரியே இடுப்பை ஒடித்து இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் பாத்தியின் நடுவுக்கு வந்துவிட்டோம். மற்றவர்கள் தூரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அவள் என்னைப் பார்க்காமல், உப்பைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள்.

"எப்பப்பா வந்த துபாய்லேர்ந்து?"

கை நின்றுவிட்டது எனக்கு. இத்தனை வருஷம் இதை இவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. என் சாக்லேட்டை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எனக்காக இதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"இப்பதாம்மா" என்றேன். "இப்பதான் வந்து எறங்கினேன்."